நீலப் பெட்டி நின்ற வீடு

பொருள் திருட்டுப் போனால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பொருள் எல்லாம் வைத்தபடியே இருக்க, யாரோ வந்து வேலையை முடித்து வைத்துவிட்டுப் போனால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன்.

நாங்கள் எட்டுக் குடும்பங்கள். துலாரே ஊருக்கு வெளியே, வாய்க்காலை ஒட்டி, பாதாம் மரங்களைப் பிடுங்கிப் போட்ட மனையில் எட்டு வீடுகளை நாங்களே கட்டிக்கொண்டிருந்தோம். கடன் அரசாங்கத்துடையது, வரைபடம் வீட்டுச் சங்கத்துடையது, கை மட்டும் எங்களுடையது. ஆட்களுக்குக் கொடுக்க வேண்டிய கூலியை உடம்பால் கொடுத்துவிட்டால், பழம் பறிக்கிறவர்களுக்கும் மாடு கறக்கிறவர்களுக்கும்கூட வீடு கட்டுப்படியாகும் என்பது திட்டம். எல்லாரும் எல்லார் வீட்டுக்கும் உழைக்க வேண்டும். விதி ஒன்று இருந்தது. எட்டு வீடும் முடிந்து, இன்ஸ்பெக்டர் எட்டையும் பார்த்துச் சரி என்று சொல்கிற வரைக்கும் ஒரு குடும்பமும் குடிபோகக் கூடாது. தன் வீடு முடிந்ததும் சுத்தியலைப் போட்டுவிட்டு யாரும் நழுவக் கூடாதல்லவா, அதற்காக.

அந்த விதி என் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. நானும் என் கணவர் ரமீரோவும் இரண்டு பெண் குழந்தைகளோடு வாடகைக்கு இருந்த, சக்கர வீடுகள் நிற்கிற டிரெய்லர் வளாகத்தை யாரோ விலைக்கு வாங்கிவிட்டார்கள். அங்கே கடைகள் வரப் போகின்றனவாம். ஜனவரி முடிவதற்குள் எல்லாரும் காலி செய்ய வேண்டும். ரமீரோவின் தம்பி வீட்டுக் கூடத்தில் ஏற்கெனவே காலை நீட்ட இடமில்லை. ஆகவே எட்டில் ஒரு வீடு பின்தங்கினாலும் பிப்ரவரியில் நாங்கள் காருக்குள்தான் படுக்க வேண்டும். எங்களுடையது ஆறாம் வீடு. அது பின்தங்கவில்லை. பின்தங்கியது ஏழாம் வீடு.

சுத்தியலைத் தொடுவதற்கு முன்னால் எங்களுக்கு வகுப்பு நடந்தது. செவ்வாய்க்கிழமைகளில், மாதா கோயில் கூடத்தில். நடத்தியவள் சங்கத்து வாண்டா, பிறகு மனையில் மேற்பார்வை பார்த்தவளும் அவள்தான். குழாய் ஒழுகினால் எந்தத் திருகைத் திருப்புவது, எரிவாயுவை எங்கே அடைப்பது, வரிக் கடிதம் எந்த மாதம் வரும், எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். கடைசி அரை மணி நேரம் நாடகம். வாண்டா தலையில் ஒரு தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு ஏமாற்றுக்காரனாக வருவாள். மேசையைத் தட்டுவாள்.

"சென்யோரா, உங்க கூரைல ஓட்டை தெரியுது. காசே வேணாம், நானே அடைச்சுத் தரேன். இங்க ஒரே ஒரு கையெழுத்து."

"கதவைச் சாத்து!" என்று நாங்கள் கத்துவோம்.

"சும்மா வேலை செஞ்சு கொடுக்கறவனுக்கு என்ன வேணும்?"

"என் வீடு வேணும்!"

எல்லாரிலும் சத்தமாகக் கத்தியவள் நான். என் மாமா ஒருவர் இப்படி ஒரு நல்ல மனிதரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, கட்டின வீட்டிலிருந்து இறங்கிப் போனவர். ஆகவே அந்தப் பாடத்தை நான் வேதம்போல மனதில் வைத்துக்கொண்டேன்.

டிசம்பரில் எட்டு வீட்டுக்கும் சுவரும் கூரையும் கதவும் ஆகிவிட்டன. வெளி வேலையைச் சனி ஞாயிறுகளில் எல்லாரும் சேர்ந்து செய்வது, உள் வேலையை வார நாட்களில் அவரவர் நேரத்தில் அவரவரே செய்வது என்று ஏற்பாடு. சுவரடியில் பலகை ஒட்டுவது, அலமாரிக்குத் தட்டு வைப்பது, கதவு உரசினால் இழைப்பது, இப்படி. மனைகளில் திருட்டு அதிகமாக இருந்ததால் வாண்டா எட்டுப் பூட்டுகள் வாங்கி வந்து மாட்டினாள். குடும்பத்துக்கு இரண்டு சாவி. என்னுடையதை நான் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். முதல் முதலாக ஒரு வீட்டுச் சாவி. மார்பில் சில்லென்று பட்டுக்கொண்டிருந்தது. வாண்டா தன்னிடம் இருந்த எட்டுச் சாவிகளுக்கும் எட்டு நிறத்தில் நாடா ஒட்டி, ஒரு வளையத்தில் போட்டு இடுப்பில் தொங்கவிட்டிருந்தாள். இந்த நாடாவை மறக்க வேண்டாம்.

அந்தச் சமயத்தில்தான் ஏழாம் வீட்டுக்காரர்கள் விலகிப் போய், அவர்கள் இடத்துக்கு, வகுப்பும் காகிதமும் முடித்துக் காத்திருந்த ஒரே குடும்பமான சில்வெரியோ குடும்பம் வந்தது. சில்வெரியோ மாட்டுப் பண்ணையில் பால் கறக்கிறவன். இரவு முழுவதும் கறவை, சனி ஞாயிறும் கறவை. ஆகவே வார இறுதியில் அவன் மனைவி ஓர்தென்சியா வந்து எங்களோடு வேலி அடித்தாள். அவன் விடிவதற்கு முன்னால், கறவை முடிந்த கையோடு, தனியாக வந்து உள் வேலை பார்த்துவிட்டுப் போவதாக வாண்டாவிடம் சொல்லியிருந்தான். அந்த மணி நேரங்களைத் தொலைபேசியில் சொல்லுவான், அவள் குறித்துக்கொள்வாள். மனையில் எங்களில் யாரும் அவன் முகத்தைப் பார்த்ததில்லை.

ஆனால் ஏழாம் வீட்டுக்குள் ஜன்னல் வழியாகப் பார்த்தால் பலகைகள் கட்டுப் பிரிக்காமல் அப்படியே கிடந்தன.

"காத்துலயே பலகை ஒட்டறான் போல" என்றான் கொர்னேலியோ. ஒன்றாம் வீட்டுக்காரன், பழக் கிடங்கில் சரக்கு வண்டி ஓட்டுகிறவன், வாயை வாடகைக்கு விடலாம். "நமக்குத்தான் கண்ணு தெரியல."

நான் சிரிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஏழாம் வீட்டு ஜன்னலில் போய் நின்று பார்த்தேன். அதே பலகைக் கட்டு. ஜனவரி பிறந்துவிட்டது.

இனி என் வீட்டில் நடந்தது.

டிசம்பர் கடைசியில் ஒரு சாயங்காலம் ஆரஞ்சுக் கிடங்கில் வேலை முடிந்து ஆறாம் வீட்டுக்குப் போனேன். பின் அறைக் கதவு முதல் நாள் வரைக்கும் தரையில் உரசி முனகும். அன்று விரலால் தள்ளினேன், பூனைபோல ஓசையில்லாமல் திறந்தது. ரமீரோ இழைத்திருக்கிறார் என்று நினைத்தேன். கேட்காமலே காரியம் செய்கிற ஆள் இல்லை அவர். ஆகவே மனம் நெகிழ்ந்து, அன்றைக்கு அவருக்குப் பிடித்த பன்றி இறைச்சியும் பச்சை மிளகாய்ச் சாறும் செய்து வைத்தேன். அவர் இரண்டு தட்டு சாப்பிட்டார். எதற்கு என்று கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து நடைவழி முழுவதும் சுவரடிப் பலகை ஒட்டியிருந்தது. மூலைகளில் இரண்டு பலகையும் சேருகிற இடத்தில் நகத்தை நுழைக்க முடியவில்லை.

"கையில வித்தை வந்துடுச்சு கிழவா உனக்கு" என்றேன் வீட்டுக்கு வந்து. நாங்கள் ஒருவரை ஒருவர் கல்யாணமான மறுநாளிலிருந்து கிழவன் கிழவி என்றுதான் கூப்பிடுகிறோம்.

"எதுல?"

"பலகை."

"நீ ஒட்டலையா? நீ ஒட்டினேன்னுல்ல நான் நினைச்சுட்டிருக்கேன்!"

"கதவு?"

"அதுவும் நீதான்னு..."

"அப்புறம் எதுக்கு அன்னிக்கு அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டே?"

"வெச்சே, சாப்பிட்டேன். சாப்பாட்டுக்கெல்லாம் காரணம் கேப்பாங்களா?"

இருவரும் சேர்ந்து போய்ப் பார்த்தோம். பூட்டு உடைந்திருக்கவில்லை. ஜன்னல்கள் உள்ளே தாழிட்டபடி. எங்கள் பலகை, எங்கள் ஆணி, ஒன்றும் குறையவில்லை. ரமீரோவிடம் ஒரு சாவி, என்னிடம் ஒரு சாவி.

"வாண்டாவா இருக்குமோ?" என்றார் ரமீரோ.

கேட்டோம். வாண்டா இடுப்பு வளையத்தைத் தூக்கிக் காட்டினாள். "ஆறாம் வீடு பச்சை நாடா. இதோ, இடுப்பை விட்டு இறங்கவே இல்லை. உங்க வீட்டுக்குத் தனியா வந்து நான் ஏன் பலகை ஒட்டணும்? என் வீட்லயே பலகை ஒட்டாம கெடக்கு."

அன்று இரவு எனக்கு வகுப்புப் பாடம்தான் ஞாபகம் வந்தது. சும்மா வேலை செய்து கொடுக்கிறவனுக்கு என்ன வேண்டும்? என் வீடு வேண்டும். நாளைக்கு ஒருவன் வந்து, இந்த வீட்டில் என் உழைப்பு இருக்கிறது, எனக்கும் பங்கு உண்டு என்று நிற்பானோ? ஆறாம் மனை சீட்டில் எனக்கு விழுந்தபோது, வாய்க்கால் பார்த்த மனை, நல்ல காற்று என்று இரண்டு பேர் முகம் சுண்டியது எனக்கு மறக்கவில்லை. அந்த இரண்டு பேரையும் அந்த வாரம் முழுவதும் கண்ணால் அளந்துகொண்டிருந்தேன். ஒருத்தி, "எலோடியா, உன் வீடு மட்டும் எப்படி இவ்வளவு வேகமா முடியுது?" என்று கேட்டாள். எதற்குக் கேட்கிறாள் என்று யோசித்து அன்று முழுக்க அவளுக்கு ஆணி எடுத்துக் கொடுக்கவில்லை.

பிறகு ரொட்டி. மறுநாள் காபிக்கு ஆகும் என்று ஒரு தட்டில் இரண்டு இனிப்பு ரொட்டியைத் துணி போட்டு மூடி, சமையலறை மேடையில் வைத்துவிட்டு வந்திருந்தேன். மறுநாள் ரொட்டியைக் காணோம். தட்டு கழுவித் துடைத்து வைத்திருந்தது.

திருடன் தட்டுக் கழுவுவானா?

அதற்கும் மறுநாள், அதே தட்டில், வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தேன். புதிதாகத் திரித்த பாலாடைக்கட்டி, ஈரம் காயாமல், உள்ளங்கை அளவில்.

ரமீரோ அதைப் பார்த்த பார்வையை நான் விவரிக்க மாட்டேன்.

"யார் கொடுத்தது?"

"தெரியாது."

"பூட்டின வீட்டுக்குள்ள வந்து ஒருத்தன் உனக்கு சீஸ் வெச்சுட்டுப் போறான். உனக்குத் தெரியாது."

"எனக்குன்னு அதுல எழுதியா இருக்கு? உனக்கா இருக்கலாம்."

"எனக்கு யாரு கிழவி சீஸ் வைப்பா? என் மூஞ்சிக்கு?"

"விஷம் இருந்தா? மாந்திரீகம் இருந்தா? எடுத்துட்டுப் போய் வாய்க்கால்ல எறி."

எறிந்துவிட்டேன் என்று வந்து சொன்னார். அதற்குப் பிறகும் பாலாடைக்கட்டி வந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் பொட்டலத்தோடு பிடுங்கிக்கொண்டு வாய்க்கால் பக்கம் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். ஒரு தடவை மட்டும் துணியை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். விளிம்பில் நீல நூலால் சின்னச் சின்னப் பறவைகள் தைத்திருந்தன. ரமீரோ என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். கிடங்கு வாசலில் எனக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார். முன்பெல்லாம் நான்தான் அவருக்காகக் காத்திருப்பேன்.

பாலாடைக்கட்டி என்றால் பால். பால் என்றால் பண்ணை. பண்ணை என்றால் எட்டுக் குடும்பத்தில் ஒரே ஒருத்தன். கூட்டிப் பார்க்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று; ரமீரோவுக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை என்று பிறகு தெரிந்தது. தன் வீட்டில் ஒரு ஆணி அடிக்காதவன் என் வீட்டில் ஏன் இழைக்கிறான்? எப்படி உள்ளே வருகிறான்? என்ன வேண்டும் அவனுக்கு, வீடா, நானா? யோசிக்க யோசிக்க எது மோசம் என்றே எனக்குப் பிடிபடவில்லை.

ஜனவரி பாதியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்ததும், கொர்னேலியோ வீட்டு கராஜில் வாண்டா கூட்டம் போட்டாள். ஏழாம் வீட்டை என்ன செய்வது என்பதுதான் விஷயம். சில்வெரியோ பண்ணையில் இருந்தான். ஓர்தென்சியா மட்டும் ஒரு கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்திருந்தாள். ஒல்லி, வெடுக்கென்ற முகம், அன்றைக்கு அதுவும் வாடியிருந்தது.

"மணிக்கணக்கு சொல்றான், வேலை இல்லை" என்றான் கொர்னேலியோ. "நீக்கிடலாம். அலுவலகத்துக்குச் சொல்லுங்க."

"நீக்கினா வேற குடும்பம் வரணும்" என்றாள் வாண்டா. "அவங்களுக்குக் கடன், காகிதம், வகுப்பு, எல்லாம் முதல்லேர்ந்து. கோடை வந்துடும்."

"நீக்க வேணாம்" என்றேன். "பிடிச்சு இழுத்துட்டு வந்து வேலை வாங்கணும்."

"ஓர்தென்சியா, நீ சொல்லு" என்றாள் வாண்டா. "உன் புருஷன் விடியக்காலைல எங்கே போறான்?"

அவள் தரையைப் பார்த்தபடி பேசினாள். "வீட்டு வேலைக்குன்னுதான் சொல்றான். வேலை எப்படிப் போகுதுன்னு கேட்டா, 'ஜோராப் போகுது, நீதான் சனிக்கிழமை சனிக்கிழமை பாக்குறியே'ங்கறான். நான் வந்து பாத்தா வெறும் சுவரு. இதுல, 'நீ வெச்ச ரொட்டி பிரமாதம்'னு வேற ஒருநாள் சொன்னான். நான் எங்கே ரொட்டி வெச்சேன்? எவளோ வெச்சிருக்கா."

எனக்குக் காது சுட்டது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும் என்று, கைப்பையிலிருந்து அந்தத் துணியை எடுத்து மேசைமேல் விரித்தேன்.

"இது யாரோடது? என் வீட்டுக்குள்ள இருந்தது."

ஓர்தென்சியா எழுந்து வந்தாள். துணியைத் தொட்டாள். விளிம்பைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது என் துணி" என்றாள். "எங்கம்மா தைச்சது." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "அப்போ அந்த ரொட்டி?"

நான் வாயைத் திறப்பதற்குள் கொர்னேலியோ மெல்லிய குரலில், "பாவம், பலகை இங்க ஒட்டல, அங்க ஒட்டிருக்கான்" என்றான். ரமீரோ எழுந்து அவன் சட்டையைப் பிடித்தார். இருவரையும் பிரிக்க வாண்டாவின் உடம்பு தேவைப்பட்டது.

வெளியே வந்ததும் ஓர்தென்சியா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "கொமாத்ரே" என்று தோழியை அழைப்பதுபோல அழைத்தாள். "நான் உன்னை இப்போ நம்பல. நீ கோவிச்சுக்காதே."

"நானும் உன்னை நம்பல" என்றேன். "நீ அனுப்பித்தான் அவன் வரானோ என்னமோ. என் வீட்டை வளைச்சுப் போட."

"நான் அனுப்பி அவன் எங்கேயும் போனதில்ல. குப்பையைக் கொட்டுன்னா போகமாட்டான்."

"ராத்திரி அவன்கிட்டே கேளு."

"கேட்டா சொல்லிடுவானா? பிடிச்சாத்தான் சொல்வான். நாளைக்கு விடியக்காலைல உன் வீட்டுக்குள்ள உக்காரலாம். உன் புருஷனும் வரட்டும். சாட்சி."

மறுநாள் அதிகாலை மூடுபனி வாய்க்காலிலிருந்து ஏறி எல்லாவற்றையும் விழுங்கியிருந்தது. எங்கள் சமவெளியில் குளிர்காலத்துப் பனி அப்படித்தான். நீட்டிய கை தெரியாது. சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஆறாம் வீட்டுக் கூடத்தில், விளக்குப் போடாமல், ஓடுகள் அடுக்கிய பெட்டிகள்மேல் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். நடுவில் நான். இந்தப் பக்கம் ரமீரோ, கையில் சுத்தியல். அந்தப் பக்கம் ஓர்தென்சியா, கையில் ஜெபமாலை; ஜெபிக்க எடுத்து வந்தாளா, கழுத்தை நெரிக்கவா என்று தெரியவில்லை. மூன்று பேரில் யாரும் யாரையும் நம்பவில்லை. குளிருக்காக மட்டும் ஒட்டி உட்கார்ந்திருந்தோம்.

காலடிச் சத்தம் கேட்டது. படியில் பூட்ஸைத் தட்டுகிற சத்தம். பூட்டில் சாவி நுழைந்தது. திரும்பியது.

அந்தச் சத்தம் என் எலும்பில் கேட்டது. என் வீட்டுக் கதவு, இன்னொருவன் சாவிக்கு, எந்தத் தயக்கமும் இல்லாமல் திறந்தது.

விளக்கு எரிந்தது. கட்டையான ஒரு மனிதன், தொப்பியில் பனித்துளி, மேலெல்லாம் மாட்டு வாசனை, கையில் வெள்ளைப் பொட்டலம். எங்களைப் பார்த்தான். முதலில் மனைவியைப் பார்த்துச் சிரித்தான்.

"அட, நீயும் வந்துட்டியா!" பிறகு எங்கள் இருவரையும் பார்த்தான். சிரிப்பு போயிற்று. "இவங்க ரெண்டு பேரும் நம்ம வீட்ல என்ன பண்றாங்க?"

"யார் வீட்ல?" ரமீரோ எழுந்தார்.

"என் வீட்ல. சுத்தியலைக் கீழ போடுய்யா. யாரு நீ? பூட்டின வீட்டுக்குள்ள எப்படி வந்தே?"

"என் வீட்டுக்குள்ள நான் எப்படி வந்தேன்னு கேக்கறான் பாரு!"

"உன் வீடா? சாவி என்கிட்ட இருக்கு. திறந்துச்சு. நீயே பாத்தியே. சாவி திறந்தா அது என் வீடுதானே?"

நான் கழுத்திலிருந்து என் சாவியை இழுத்து அவன் முகத்துக்கு நேரே ஆட்டினேன். "இதுவும் திறக்கும்!"

அவன் குழம்பிப்போய் மனைவியிடம் திரும்பினான். "ஓர்தென்சியா, நீயாவது சொல்லேன். இந்தத் தட்டுகளை நீதானே வெச்சே? குளியலறைக்கு நீதானே சாயம் அடிச்சே? நான் விட்டுட்டுப் போற வேலையைச் சனிக்கிழமை வந்து நீ முடிச்சு வெச்சிருப்பே. எனக்குன்னு ரொட்டிகூட வெச்சே. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல முதல் தடவை."

ஓர்தென்சியா ஜெபமாலையைப் பைக்குள் போட்டாள்.

"இது ஆறாம் வீடு" என்றேன் நான். "உன்னோடது அடுத்தது. ஏழு."

"நீலப் பெட்டி நிக்கற வீடுன்னுதான் வாண்டா காட்டினா. வெளியே போய்ப் பாரு, நிக்குது."

நீலப் பெட்டி என்றால் மனையில் எல்லாருக்கும் தெரியும். வேலையாட்களுக்காக வைத்திருக்கிற நகரும் கழிப்பறை. சுத்தம் செய்கிற லாரிக்காரன் வாரம் ஒருமுறை வந்து தூக்குவான், கழுவுவான், மறுபடி எங்கே இடம் இருக்கிறதோ அங்கே வைப்பான். சில்வெரியோவை வாண்டா அழைத்து வந்து காட்டிய அன்று அது ஏழாம் வீட்டு வாசலில் நின்றது. மறு வாரம், அவன் வேலை தொடங்குவதற்குள், எங்கள் வாசலுக்கு வந்தது. ஏழாம் வீட்டு வாசலில் மரம் இறக்க இடம் வேண்டும் என்று நானே லாரிக்காரனிடம் அதை அங்கேயே விடச் சொன்னது இப்போது நினைவுக்கு வந்தது. வீடுகளுக்கு எண் பலகை இன்னும் வரவில்லை. எட்டும் ஒரே வெள்ளை, ஒரே முகம். அவன் வந்ததெல்லாம் இருட்டிலும் பனியிலும். சாவியும் திறந்துவிட்டது.

நாங்கள் நால்வரும் வெளியே போனோம். பனியில் சுவரைத் தடவிக்கொண்டே ஏழாம் வீட்டுக்கு நடந்தோம். சில்வெரியோ தன் சாவியைப் போட்டான். திறந்தது. ரமீரோ, "நீ தள்ளு" என்று சொல்லி எங்கள் சாவியைப் போட்டார். அதுவும் திறந்தது. எட்டாம் வீட்டுக்குப் போனோம். திறந்தது. ஐந்து, நான்கு, மூன்று. கொர்னேலியோ வீட்டுக் கதவைத் திறந்தபோது அவன் உள்ளேதான் இருந்தான், வேலைக்குப் போகுமுன் சாயம் அடித்துக்கொண்டு. தூரிகையைத் தூக்கிக்கொண்டு கத்தினான்.

விடிந்ததும் வாண்டா வந்தாள். எட்டு நிற நாடாவோடு வளையத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கதவாக, ஒரே சாவியால் திறந்துகொண்டே போனாள். கடைசிக் கதவில் நின்றுவிட்டாள். பெரிய கட்டட வேலைக்காரர்கள் வாங்குகிற பூட்டுப் பெட்டி, எட்டும் சேர்ந்தால் மலிவு என்று எடுத்துவிட்டாளாம். அவர்கள் வேலைக்கு ஒரே சாவியாக இருந்தால்தான் சௌகரியம்.

"ஏமாத்துக்காரன் வந்தா என்ன செய்யணும்னு சொல்லிக் கொடுத்தேன்" என்றாள் தளர்ந்த குரலில். "பூட்டு வாங்கினவளை யாரு பாத்துக்கறது?"

"அப்போ இத்தனை நாளும் நான் எந்த வீட்லயும் போய்த் தூங்கிருக்கலாம்" என்றான் கொர்னேலியோ. "சொல்லக் கூடாதா? எலோடியா வீட்ல ரொட்டி வேற."

ரமீரோ அவனை ஒன்றும் செய்யவில்லை. தரையைப் பார்த்தபடி சில்வெரியோவிடம் கையை நீட்டினார். சில்வெரியோ சற்று நேரம் அந்தக் கையையே பார்த்தான்.

"சுத்தியலோட உக்காந்திருந்தியே" என்றான்.

"சீஸ் வெச்சியே" என்றார் ரமீரோ.

"அது அவளுக்கு." மனைவியைக் காட்டினான்.

"எனக்கா?" என்றாள் ஓர்தென்சியா. "எனக்கு சீஸ் ஆகாதுன்னு கல்யாணத்தன்னிக்கே உனக்குத் தெரியும்."

"வெக்க வெக்கக் காலியாயிட்டே இருந்துச்சே! சொந்த வீடு வரப் போற சந்தோஷத்துல உனக்கு ருசி மாறிடுச்சுன்னு நினைச்சேன்."

"அதெல்லாம் வாய்க்கால்ல எறிஞ்சாச்சு" என்றேன் நான். ரமீரோ மூடுபனிக்குள் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் தெளிவானது, ஏழாம் வீடு மட்டும் அப்படியே இருந்தது. சுவரடியில் ஒரு பலகை இல்லை. ஜனவரி ஓடிக்கொண்டிருந்தது. சில்வெரியோ உழைத்த மணி நேரமெல்லாம் என் வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பிடுங்கி எடுத்துட்டுப் போயிடவா?" என்று கேட்டான். வேடிக்கைக்குத்தான் கேட்டான் என்று நினைக்கிறேன். நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.

"நாங்க வந்து ஒட்டித் தரோம்" என்றேன். "எத்தனை நாள் ஆனாலும்."

"சும்மாவா?" ஓர்தென்சியா கண்ணைச் சுருக்கினாள். அவளும் வகுப்புக்குப் போனவள்தான். "சும்மா வேலை செஞ்சு கொடுக்கறவனுக்கு என்ன வேணும்?"

"என் வீடு வேணும்" என்றேன். "உன்னோடது முடிஞ்சாத்தான் என்னோடதுக்குள்ள நான் போக முடியும்."

அந்தப் பதில் அவளுக்கு நம்பும்படியாக இருந்தது. தலையாட்டினாள்.

அன்றிலிருந்து கிடங்கு வேலை முடிந்ததும் நானும் ரமீரோவும் ஏழாம் வீட்டுக்குப் போனோம். மற்றவர்களும் வந்தார்கள், எல்லாருக்கும் அதே விதி. சில்வெரியோ விடியலில் வந்தான்; வேலைக்குப் போகுமுன் ரமீரோவும் அந்த நேரத்தில் அங்கே போனார். இந்த முறை வாசலில் ஓர்தென்சியா சிவப்புத் துணியைக் கட்டி வைத்திருந்தாள், நீலப் பெட்டியை நம்பாமல். முதல் சில நாள் ரமீரோவும் அவனும் ஒரே அறையில் வேலை செய்தாலும் ஒருவருக்கு ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டே செய்தார்கள். பிறகு ஒரு காலை நான் எட்டிப் பார்த்தபோது, பலகையின் ஒரு முனையை ஒருவர் பிடிக்க மற்றவர் அறுத்துக்கொண்டிருந்தார். ரமீரோவின் மூலைகளில் நகம் மட்டுமல்ல, விரலே நுழையும். பட்டி பூசி மறைத்தோம்.

மாதக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்தார். எட்டு வீட்டிலும் விளக்கைப் போட்டு அணைத்தார், குழாயைத் திறந்து மூடினார், ஏழாம் வீட்டில் மட்டும் குனிந்து ஒரு மூலையை வெகு நேரம் பார்த்தார். நிமிர்ந்தார். சரி என்றார். டிரெய்லர் வளாகத்துக் கதவில் சங்கிலி போடுவதற்கு முன்னால் நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

குடிபோகிற அன்று, மெத்தையை ஏற்ற வண்டியை ஒழித்தேன். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கையை விட்டபோது துணி தட்டுப்பட்டது. ஒன்றல்ல, ஒரு கற்றை. நீலப் பறவை தைத்த துணிகள், காய்ந்து விறைத்து, பால் வாசனையோடு. கூடவே ஒரு பாதி சோளரொட்டியும் மிளகாய்ப் புட்டியும்.

விஷம் என்று எறியச் சொன்னது நான். எறிந்துவிட்டேன் என்று ஒவ்வொரு தடவையும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து நின்றது அவர். அந்த ஆளைத்தான் நான் இத்தனை நாளும் சந்தேகப்படாமல் விட்டிருந்தேன்.

ஒன்றும் கேட்கவில்லை. துணிகளைத் துவைத்து, மடித்து, கூட்டத்தில் காட்டிய துணியையும் சேர்த்து அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஓர்தென்சியா வாசலிலேயே நின்று எண்ணினாள்.

"ஒண்ணு குறையுது, கொமாத்ரே."

"இருந்தது இவ்வளவுதான்."

அவள் என் தோளுக்கு மேலாக என் வீட்டுப் பக்கம் பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். என்னுடையதும் அதே பார்வைதான். புதுப் பூட்டு அன்று காலையில்தான் மாட்டியிருந்தோம். எட்டுக் குடும்பமும் ஒரே கடைக்குப் போய், கொர்னேலியோ, "ஒரே பெட்டியிலேர்ந்து எடுக்காதீங்கய்யா" என்று கத்தக் கத்த, ஆளுக்கொரு பெட்டியிலிருந்து எடுத்து வந்தது. என் சாவியால் என் கதவைத் திறந்தேன். அகலமாகத் திறந்தேன்.

"வா. வந்து தேடிப் பாத்துக்கோ."

வந்தாள். சமையலறையைப் பார்த்தாள், அலமாரியைத் திறந்து பார்த்தாள். நடைவழிக்கு வந்ததும் நின்றாள். குனிந்து, சுவரடிப் பலகையின் மூலையில் நகத்தை நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை.

"இதைப் பாரு" என்றாள், நிமிராமலே. "எங்க வீட்ல இப்படி இல்லையே. அங்க எல்லாம் கோணல்மாணலா இருக்கு. அந்த மனுஷன் உன் வீட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு அழகா ஒட்டிருக்கான்?"

"உங்க வீட்ல ஒட்டினது என் கிழவன்" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள், அதை நம்பலாமா என்று. பிறகு உள்ளே திரும்பி, மெத்தையைச் சுமந்துகொண்டு வந்த ரமீரோவின் கைகளைப் பார்த்தாள்.

"நம்பறேன்" என்றாள்.